மஸ்கட் கடிதமும் செவலைப் பசுவும்

கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் நாத்தனார் மகேசுவைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தவர்கள். கேசரித் தட்டு காலி. வாழைக்காய் பஜ்ஜியில் கடைசி இரண்டை யாரும் மரியாதைக்காகத் தொடாததால் அவை ஆறிப்போய்க் கிடந்தன. மகேசு வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போயாகிவிட்டது.

பெண் பார்க்கிற எல்லா வீட்டிலும் ஒரு கட்டம் வரும். மழை தண்ணி பேசி முடித்திருப்பார்கள். வெங்காயம் விலை போகாததையும் பேசி முடித்திருப்பார்கள். அப்புறம் எல்லோரும் சுவரில் தொங்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கன்னிவாடியில் எங்கள் வீட்டிலும் அந்தக் கட்டம் வந்தது.

அப்போதுதான் என் மாமனாருக்கு, சாமி படத்துக்கு அடியில் சாத்தி வைத்திருந்த கடிதம் கண்ணில் பட்டது.

"தாயி, மத்தியானம் தம்பி காயிதம் வந்துச்சுல்ல? எடுத்து வாசி. இவுகளும் கேக்கட்டும்" என்றார். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, "மூத்தவன் மஸ்கட்ல இருக்கான். புருசனும் பொண்டாட்டியும் இங்கிலீசுலதான் எழுதிக்கிருவாக" என்றார். அந்தப் பெருமைக்கு அவருடைய மீசையே போதவில்லை.

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. சட்டைப் பையில் பேனா.

"அப்படிங்களா? வாசிங்க அம்மிணி. நானும் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பள்ளிக்கூடத்துல இங்கிலீசுதானுங்க நடத்துனேன்."

நான் கடிதத்தை எடுக்காமல் நின்றேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தப் பெரியவர் செத்த நேரம் காத்திருக்கட்டும்.

வீட்டுக்கே வந்த கடிதம்

கல்யாணமாகி ஐம்பத்திரண்டாவது நாள் என் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷ காண்ட்ராக்ட். தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது.

கடிதம் வரும். வந்தால் உடனே பிரிக்கக் கூடாது. அது சாமி படத்துக்கு அடியில் இருக்கும். மாமா தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு மர நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறையைக் கிழிப்பார். அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்துவார். மகேசு ரேடியோவை அணைப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து நிலைப்படியில் நிற்பார்கள். மாமா கோயில் கொடையில் மைக் பிடித்தவர் மாதிரி வாசிப்பார்.

நான் அடுப்படி வாசலில் நிற்பேன். மழை, வெள்ளாமை, தோட்டத்து மோட்டார், மாமன் மச்சான் எல்லோரையும் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் எனக்கு ஓர் இடம் இருக்கும். "செல்வியைக் கேட்டதாகச் சொல்லவும்."

மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "கேட்டதாச் சொல்றான் தாயி" என்பார்.

"சரிங்க மாமா" என்பேன்.

மாசத்துக்கு இரண்டு முறை நடந்த எங்கள் இல்லறம் இவ்வளவுதான். பதில் எழுதும்போதும் அப்படியே. மாமா முழுக் கடிதத்தையும் எழுதிவிட்டு, ஓரத்தில் ஓர் அங்குலம் மிச்சம் வைத்து, "நீ எதுவும் சொல்றியா தாயி?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்பார். "உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க மாமா." வேறு என்ன சொல்வது? ராத்திரி தூக்கம் வரவில்லை, உங்கள் கைலியைத் தலையணைக்கு உறையாகப் போட்டிருக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

மாமாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தது வீட்டில் எல்லோருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். தேங்காய் உடைத்தால் என்ன செய்வாரோ அதைத்தான் கடிதத்துக்கும் செய்தார்.

அவர் போட்ட திட்டம்

ஆறேழு மாதம் போன பிறகு ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார். "கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்தால்தான் மேலே வர முடியும். பழகிக்கொள்வதற்காக இனிமேல் செல்விக்குத் தனியாக இங்கிலீஷில் எழுதலாம் என்று இருக்கிறேன். அவளையும் டவுனில் நாகல் நகர் பக்கம் ஏதாவது கிளாஸில் சேர்த்துவிடவும்."

மாமாவுக்கு ஏகக் குஷி. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நான் வேடசந்தூரில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். அப்பா மில்லில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்பது ஷிப்டும் லீவும்தான். மூன்று நாள் கழித்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது. இந்த வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது! அடப்பாவி மனுசா என்று முறத்தைப் பார்த்துச் சிரித்தேன். அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாகல் நகரில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மத்தியானத்தில் இங்கிலீஷ் கிராமரும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்து மெஷினில் ஸ்டெல்லா. என் வயசுதான். காலையில் பூட்டுக் கடையில் பில் எழுதிவிட்டு வருவாள், கையில் எப்போதும் கிரீஸ் வாசம். வகுப்பில் எனக்குப் புரியாததை எல்லாம் அவள் படியிறங்கும்போது புரிய வைப்பாள்.

முதல் இங்கிலீஷ் கடிதம் வந்தது. இதை நானே பிரித்து நானே படிக்கப் போகிறேன் என்று காத்திருந்தேன். மாமா கால் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசி தாயி."

"இங்கிலீசுல இருக்கு மாமா."

"இருந்தா என்ன? காயிதம் காயிதம்தானே. வாசி, கேப்போம்."

வாசித்தேன். வேறு வழி? எழுத்துக் கூட்டிக்கூட்டி, என் புருஷன் எனக்கு மட்டும் எழுதிய முதல் கடிதத்தை அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன். உன் வளையல் சத்தம் காதில் இருக்கிறது என்று இருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும் போல இருக்கிறது என்று இருந்தது. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோருக்கும் பரம திருப்தி. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புள்ள என்னமா எழுதுறான்!" என்றார்.

"என்ன சொல்றான் தாயி?" என்று மாமா கேட்டார்.

"சௌக்கியமாம் மாமா. அங்க வெயில் ஜாஸ்தியாம்."

அதிலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் இதுதான் என் மொழிபெயர்ப்பு. மஸ்கட்டில் வெயில் குறையவே இல்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. சினிமா புண்ணியத்தில் 'ஐ லவ் யூ' மட்டும் கன்னிவாடியில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதை எழுதக் கூடாது, சபையில் வாசித்ததும் மாமா 'என்ன சொல்றான் தாயி' என்று கேட்பார் என்று அவருக்கு எழுதிவிட்டேன். மற்றபடி எதையும் எழுதலாம்.

வெங்காய மனிதர்

எழுதுவதற்குத்தான் பாடுபட்டோம். வினைச்சொல்லைக்கூட எப்படியோ சமாளித்தேன். இந்த 'ஏ', 'தி' இரண்டும்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எதைப் போடுவது, எப்போது போடாமல் விடுவது?

தமிழில் நமக்கு இந்தத் தொல்லையே கிடையாது. 'பஸ் போயிருச்சு' என்றால் போயிருச்சு, அவ்வளவுதான். அதிலும் கன்னிவாடியில் ஏதோ ஒரு பஸ், ஏதோ ஒரு டாக்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே நான் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 'தி' போட்டேன்.

வெங்காயம் வாங்க ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்ததை, 'தி மேன் கேம் டு தி ஹவுஸ்' என்று எழுதினேன். கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாசம் ஆகும். பதிலில் பெரிய எழுத்தில், 'ஹூ இஸ் தி மேன்?' என்று இருந்தது. எவன் அந்த ஆள் என்று மனுசன் ஒரு மாசம் தூங்கவில்லையாம். அதையும் அத்தனை பேர் முன்னால் கணீரென்று வாசித்தேன். 'மேன்' என்றதும் மாமா, "ஆள் கெடைக்குதான்னு கேக்குறானா?" என்றார். வெங்காயம் பிடுங்க ஆள் கிடைக்காத சமயம் அது. "ஆமா மாமா" என்றேன்.

'நோ தி மேன். ஏ மேன். ஆனியன் மேன்' என்று பதில் போட்டேன்.

அவருடைய அறையில் இருந்த மலையாளி அண்ணன் ஒருவர் அப்புறம் அவருக்கு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதை அவர் எனக்கு எழுதினார். உனக்கு மட்டும் தெரிந்ததென்றால் ஏ. நம் ரெண்டு பேருக்கும் தெரிந்ததென்றால் தி.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்தது என்று என்ன இருந்தது? ஐம்பத்திரண்டு நாள். அதில் பாதி நாள் விருந்து, மீதி நாள் பாஸ்போர்ட், விசா என்று அவர் அலைந்தது. விரல் விட்டு எண்ணினால் பத்துகூட வரவில்லை.

ஒரு மழை இருந்தது. வேடசந்தூரில் எங்கள் அப்பா வீட்டு விருந்து முடிந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டது. என் பட்டுப்புடவை நனையக் கூடாது என்று என்னைக் கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவர் வெளியே நின்று நனைந்தார். மில் பஸ் சேற்றை வாரி அவர் வேட்டியில் அடித்துவிட்டுப் போனது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். புருஷன் என்ற பயம் போய் எனக்கு அவரைப் பிடித்தது அந்த நிமிஷம்தான்.

அதைத்தான் 'தி ரெயின்' என்று எழுதுவோம். எல்லாக் கடிதத்திலும் அது வரும். எழுதக் கூடாத அந்த மூன்று வார்த்தைக்குப் பதிலாக இதை வைத்துக்கொண்டோம். நான் வாசிக்கும்போது மாமாவுக்கு 'ரெயின்' மட்டும் பிடிபட்டுவிடும். "அங்க மழையா?" என்பார். "ஆமா மாமா" என்பேன். மஸ்கட்டில் மாசம் தவறாமல் மழை என்று அவர் டீக்கடையில் சொல்ல, அங்கே யாரோ அது பாலைவனமாச்சே என்று கேட்டு, பெரிய வாக்குவாதமே ஆகியிருக்கிறது.

அப்புறம் செவலை. பழுப்புக் கண், வளைந்த கொம்பு. அதைப் பால் கறக்க அவர்தான் எனக்குப் பழக்கினார். விசாவுக்காக அதை விற்க வேண்டி வந்தது. அவரே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பிவிட்டு, கட்டுத்தறிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். 'தி கௌ இஸ் ஏ டொமஸ்டிக் அனிமல்' என்று இன்ஸ்டிட்யூட்டில் பாடம் வந்தபோது, "எந்தப் பசு?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "எல்லாப் பசுவும்தான்டி" என்றாள். எனக்கு அது ஒத்துவரவில்லை. எனக்கு 'தி கௌ' என்றால் செவலை.

அவருடைய மஸ்கட் எனக்கு முழுக்க முழுக்க 'ஏ'வாகத்தான் இருந்தது. ஏதோ ஓர் அறை, ஏதோ ஒரு பாலம், ஏதோ ஒரு கடல். ஒரு பூனை வருகிறது என்று எழுதுவார். அடுத்த கடிதத்தில் 'தி கேட்' என்று எழுதுவார், பூனை எனக்கும் சொந்தமாகிவிடும். ஒவ்வொன்றாக என் பக்கம் வந்து சேரட்டும் என்று ஆலாய்ப் பறந்தேன். அவர் படுக்கிற கட்டிலின் மேல் விரிப்பு என்ன நிறம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பச்சையாம். ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பச்சையைத்தான் தடவிப் பார்ப்பேன்.

பெரியவர் டம்ளரை வைத்தார்

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகுதான், ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்க, பிரிக்காத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

முதல் இரண்டு வரி பிழைத்தேன். நலம், நலமறிய ஆவல். மூன்றாவது வரியில் 'தி ரெயின்' வந்தது. "அங்க மழை" என்று மாமா எல்லோருக்கும் விளக்கினார்.

அடுத்த வரி. 'கம்பெனி ஆஸ்க் டூ இயர்ஸ் மோர். டோன்ட் ஆஸ்க் ஃபாதர். யூ ஒன்லி டெல். இஃப் யூ சே கம், ஐ கம்.'

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், அப்பாவிடம் கேட்காதே, நீ வா என்றால் வந்துவிடுகிறேன். வாசித்துக்கொண்டே போனவளுக்கு வாசித்தது என்ன என்பது அப்போதுதான் புரிந்தது. நிமிர்ந்தேன். பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளில் இன்னும் முக்கால் பக்கம் பாக்கி. வேகமாகக் கண்ணை ஓட்டினால், சபையில் வாசிக்கிற மாதிரி ஒரு வரிகூட இல்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார்கள். சொந்தமாக இங்கிலீஷில் கட்டிச் சொல்லவோ எனக்கு வராது. மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடிதத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"தி கௌ இஸ் ஏ டொமஸ்டிக் அனிமல். இட் ஹாஸ் டூ ஹார்ன்ஸ். இட் கிவ்ஸ் அஸ் மில்க்."

அடுப்படிக்குள்ளிருந்து மகேசு 'க்ளுக்' என்றாள். ஒன்பதாவது வரை படித்தவள்.

"கௌன்னா மாடுதானே? மாட்டைப் பத்தி என்ன எழுதிருக்கான்?" என்றார் மாமா.

"செவலை எப்படி இருக்குன்னு கேட்டுருக்காரு மாமா. கன்னு போட்டுருச்சான்னு."

மாமா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். பய நல்லா எழுதுறானா?" என்று கேட்டார்.

என் உயிர் அந்தப் பெரியவரின் நாக்கு நுனியில் இருந்தது. அவர் துண்டை எடுத்து நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காருங்க. உடம்பு சவுக்கியமாமுங்க. மாட்டைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்றாருங்க."

வந்தவர்கள் கிளம்பும்போது கை கழுவத் தண்ணீர் கொடுக்கப் போனேன். செம்பை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஏனம்மிணி, பதிலை சீக்கிரம் போட்டுருங்க. கேட்ட மனுசன் காத்துட்டு இருப்பாருங்க."

தப்பில்லாத கடிதம்

மகேசுவைப் பிடித்திருக்கிறது என்று வேனில் ஏறும்போதே சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் நான் ஏனம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா வந்து காலியாகக் கிடந்த கட்டுத்தறிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"செவலைய அவனேதானே தாயி சந்தைக்கு ஓட்டிட்டுப் போனான்?"

நான் மஞ்சள் வைத்து அனுப்பிய மாடு. அழுத அழுகை வீட்டுக்கே தெரியும். பயத்தில் அதையே மறந்துவிட்டேன்.

மாமா கோபப்படவில்லை. தரையில் கிடந்த வைக்கோலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த வாத்தியார் மூஞ்சியப் பாத்தேன். கேக்கக் கூடாதத கேட்ட மாதிரி உக்காந்திருந்தாரு. இம்புட்டு நாளா நாங்களும் அப்படித்தான் உக்காந்திருந்தோமாக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "இனிமே நீயே பிரிச்சு நீயே வாசிச்சுக்க. சேதி இருந்தாச் சொல்லு, போதும்."

நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"வரேன்னு எழுதிருக்கானா?"

"நான் சொன்னா வாரேன்னு எழுதிருக்காரு மாமா."

மகேசு உள்ளே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீடு கூட்டிக்கொண்டிருந்தது கேட்டது. மாமா எழுந்து துண்டை உதறினார். "ஒனக்கு எது சரின்னு படுதோ அத எழுது தாயி. எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால் நான் 'கம்' என்று எழுதியிருப்பேன். கடிதத்தைப் பிடுங்கி வைத்திருந்தால் ஸ்டெல்லாவைக் கொண்டாவது தந்தி கொடுத்திருப்பேன். மனுசன் இப்படிக் கதவைத் திறந்துவிட்டுப் போனதும் எனக்குக் கால் எழவில்லை. மகேசுவின் கல்யாணமும் அதற்கு வேண்டிய மஸ்கட் பணமும் கண்முன் நின்றன. புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு நாத்தனார் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று ஊர் பேசும். தியாகம் என்று யாரும் பெரிய வார்த்தை போட வேண்டாம். பயம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் எழுதுகிற மனுசன் நேரில் வந்தால் வேறு ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு பயம் இருந்தது.

மறுநாள் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வாருங்கள், இங்கே எல்லோரும் நலம், மகேசுவின் கல்யாணம் முடிவாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவதை ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அதற்கு முன்னால் ஒரு கடிதத்தையும் அவளுக்குக் காட்டியதில்லை. எல்லா ஏயும் எல்லா தியும் அதனதன் இடத்தில் இருந்தன. 'தி ரெயின்' மட்டும் அதில் இல்லை.

"ஒரு தப்புகூட இல்ல செல்வி. பாஸாயிட்ட" என்றாள். நான் படியிறங்கி வந்து சைக்கிள் கடைக்காரர் பார்க்க அழுதேன்.

அவர் இரண்டு வருஷம் இருந்தார். அப்புறம் இன்னொரு இரண்டு. அப்புறம் அது பழகிவிட்டது. நடுவில் லீவுக்கு வருவார், போவார். மகள் பிறந்தாள். நாகல் நகரில் எஸ்.டி.டி. பூத் வந்தது, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு என்று கத்திவிட்டு வருவேன். பிறகு கையிலேயே போன் வந்துவிட்டது. கடிதம் நின்றுபோனது.

கடிதத்தைத் தனியே வாசிக்க உரிமை கிடைத்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. அந்த வீட்டில், அத்தனை பேர் நடுவில், உன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று நான் சத்தம் போட்டுச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. தனியாக இருந்தபோது அதை வாய்விட்டு வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மனசுக்குள்ளேயே வாசித்துப் பெட்டியில் வைத்தேன்.

கரண்ட் இல்லாத மத்தியானம்

அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது காதோரம் நரைத்திருந்தது. மாமா அப்போது உயிரோடு இல்லை. நாகல் நகரில் வீடு பார்த்தோம். வீட்டுக்கு முன்னாலேயே தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்தார். நல்ல மனுசன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. சோத்துக்கு வெஞ்சனம் என்ன, மகள் வந்துவிட்டாளா, மோட்டார் போடு. உன் வளையல் சத்தம் காதில் இருக்கிறது என்று எழுதிய ஆளைத் தேடிப் பல நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவருக்காக ஏங்குவது தூரத்தில் இருக்கிறவருக்காக ஏங்குவதைவிடக் கஷ்டம். யாரிடமும் சொல்ல முடியாது.

பொங்கலுக்கு முன்னால் பரண் ஒழித்தபோது கடிதப் பெட்டி இறங்கியது. மத்தியானம், கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் கடையில் வேலை ஓடாமல் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். மாமாவின் அதே மர நாற்காலி. அவர் எழுதியதை நான் எப்படி வாசித்தேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். கைக்கு வந்தது அந்தக் கடிதம்தான். அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டு, பழையபடி சத்தமாக வாசித்தேன். மழை, கம்பெனி, இன்னும் இரண்டு வருஷம், நீ வா என்றால் வந்துவிடுகிறேன். இந்தத் தடவை பசுவுக்குத் தாவாமல், பாக்கி முக்கால் பக்கத்தையும் வாசித்து முடித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அச்சு அசலாக மாமா குரலில், "என்ன சொல்றான் தாயி?" என்றார்.

"சௌக்கியமாம். அங்க வெயில் ஜாஸ்தியாம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒன் பதில் வார வரைக்கும் பெட்டியக் கட்டியே வச்சிருந்தேன் செல்வி. ஒங்க அப்பா வாங்கிக் குடுத்த பெட்டி. நீ வான்னுதான் எழுதுவன்னு இருந்தேன்."

"ஏன் இம்புட்டு வருசமா சொல்லல?" என்று கேட்டேன். "இருங்கன்னு எழுதுனா, ஏன்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அதுல ஒரு தப்புகூட இல்லியே" என்றார். "எப்பவும் அடிச்சுத் திருத்தி, ஏ போட வேண்டிய எடத்துல தி போட்டு எழுதுவ. அது மட்டும் அம்புட்டுச் சுத்தமா இருந்துச்சு. ரொம்ப யோசிச்சு, மனசாரத்தான் இருக்கச் சொல்றன்னு நெனச்சுட்டேன்."

கரண்ட் வந்தது. காற்றாடி சுற்ற ஆரம்பித்ததும் கட்டுப் பிரிந்து கிடந்த கடிதங்கள் படபடத்தன. இரண்டு பேரும் குனிந்து, அவை பறந்துவிடாமல் கையை வைத்து அழுத்திக்கொண்டோம். காற்றாடியை நிறுத்த யாரும் எழுந்திருக்கவில்லை.